நெஞ்சு படபடப்பதும் தூக்கம் கெடுவதும் ஏன்?



“என்னமோ தெரியலீங்க, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரி பூரா தூக்கமில்லே. சோறு இறங்க மாட்டேங்குது.”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சிலர் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போகிறார்கள். சிலர் மாரடைப்போ என்று கலங்குகிறார்கள். நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பரிசோதனையில் கோளாறு ஒன்றும் இல்லையென்றால், மன இறுக்கம் காரணமாக இருக்கலாம்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு நெளிகிறது. நீங்கள் யோசிப்பதற்கு முன்பே உடம்பு துள்ளிவிடும். சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள், மூளையின் உத்தரவுப்படி அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது. வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து கை கால்களுக்குப் போகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயார்! பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் கடனும், மழை பொய்ப்பதும், வீட்டுச் சண்டையும் ஒரு நிமிடத்தில் போகிறவையா? பாம்புக்குத் தயாரானது போலவே உடம்பு இவற்றுக்கும் தயாராகி நிற்கிறது. கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பும் நாள்கணக்கில் தொல்லை தருகிறது. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டாரை ஓடவிட்டால் காயில் புகைந்துவிடும் அல்லவா? அப்படித்தான் இதுவும். தூக்கம் கெடும், வயிறு மந்திக்கும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம், எரிச்சல் வரும், தாம்பத்திய நாட்டம் குறையும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் உண்டு. ஆனால் “கவலையாலே தான்” என்று இருந்துவிடாமல், கர்ப்பமா என்று செவிலியரிடம் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே கணவர் காரணமின்றி எரிந்து விழுந்தாலும், மனைவி வாய் பேசாமல் சுருண்டு கிடந்தாலும் “திமிரு”, “சோம்பல்” என்று முடிவு கட்டாதீர்கள். கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் கை நீட்டுவதற்கு அது சாக்கு ஆகாது.

செய்ய வேண்டியவை

1. மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு தணியும்.

2. தினம் அரை மணி நேரம் நடங்கள். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

3. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து தாளில் எழுதுங்கள். மறைத்து வைத்த கடன்தான் அதிகம் அரிக்கும். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம்.

4. “கவலை மறக்கத்தான் குடிக்கிறேன்” என்பார்கள். சாராயம் முதலில் கண்ணை மூட வைக்கும். நடு இரவில் எழுப்பிவிடும். விடிந்தால் கவலையும் அப்படியே இருக்கும், கைப்பணமும் போயிருக்கும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமாக வாருங்கள். பிரசவமான பெண் ஓயாமல் அழுதால், “பச்சை உடம்புக்காரி, சரியாயிடும்” என்று நாள் கடத்த வேண்டாம். இது பைத்தியம் அல்ல. மருத்துவத்தால் குணமாகக் கூடியது.

“செத்துப் போயிடலாம்னு இருக்கு” என்று ஒருவர் சொன்னால், சும்மா மிரட்டுகிறார் என்று எண்ணாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை உடனே வீட்டிலிருந்து அகற்றுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கும் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சுமை இருவருக்கும் பொது. ஒருவர் தலையில் மட்டும் ஏற்றினால் கழுத்து ஒடியும். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: “உன் மனசுலே என்ன இருக்கு?” குறுக்கே பேசாமல், பதில் முடியும்வரை கேளுங்கள்.