நண்பர்க்குச் செய்யும் நல்ல சூழ்ச்சி

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான். உண்டாரை நெடுங்காலம் வாழவைக்கும் கனி அது. அதனைத் தான் உண்ணாமல் ஔவையார்க்கு அளித்தான். இவ்வளவும் பலரும் அறிந்ததே. ஆயினும், அவன் கொடைத்திறத்தைப் போற்றும்போது நாம் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. கனியின் பயனை அவன் தன் நெஞ்சினுள்ளேயே மறைத்துக்கொண்டு கொடுத்தான். புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவையாரே இதனைக் குறிப்பிடுகின்றார்.

அவன் ஏன் மறைத்தான்? உண்மையைக் கூறியிருப்பின், நாடு காக்கும் மன்னனே நெடிது வாழ்தல் வேண்டும் என்று ஔவையார் மறுத்திருப்பார் அன்றோ? மறுக்கும் வாய்ப்பையே அதியமான் அவரிடமிருந்து எடுத்துவிட்டான். சூழ்ச்சி என்னும் சொல் இன்று நம் செவிக்குக் கடுமையாக ஒலிக்கின்றது. பழந்தமிழில் அது ஆராய்ந்து எண்ணுதலையும் குறித்தது. எப்பொருளில் கொண்டாலும் அவன் செய்தது சூழ்ச்சியே. எனினும் அதனைக் குறைகூற எவர்க்கும் மனம் வருவதில்லை. இழப்பு முழுவதும் அவனுடையது. பயன் முழுவதும் ஔவையாருடையது. பின்னர் உண்மை வெளிப்பட்டபோதும் அவன் நாணவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

எல்லாச் சூழ்ச்சியும் இவ்வளவு தூயதாக அமைவதில்லை. ஆங்கில நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியர் எழுதி, 1600இல் அச்சேறிய ‘மச் அடோ அபவுட் நத்திங்’ என்னும் நாடகத்தைக் காண்போம். பெனடிக் என்னும் வீரனும் பியாட்ரிஸ் என்னும் நங்கையும் கண்டபோதெல்லாம் சொற்போர் புரிகின்றனர். மணம் என்ற பேச்சே இருவர்க்கும் ஆகாது. நண்பர்கள் இவர்களை ஒன்றுசேர்க்க எண்ணுகின்றனர். பெனடிக் சோலையில் மறைந்திருப்பதை அறிந்தும் அறியாதவர்போல், பியாட்ரிஸ் அவன்மீது கொண்ட காதலால் வாடுகின்றாள் என்று அவன் காதில் விழும்படி பேசுகின்றனர். அவளிடமும் தோழியர் இவ்வாறே செய்கின்றனர். இருவரும் நம்பிவிடுகின்றனர், காதலும் மலர்கின்றது. முடிவில் சூழ்ச்சி வெளிப்படுகின்றது. ஆனால், ஒருவரைக் குறித்து ஒருவர் தம் கையாலேயே எழுதிவைத்த பாட்டுகளும் உடன் வெளிப்படுகின்றன. ஆதலின் மணம் தடைப்படவில்லை.

இதனோடு நின்றிருந்தால் நாமும் நகைத்து மகிழலாம். அதே நாடகத்தில் டான் ஜான் என்னும் தீயவன் ஒருவனும் இருக்கின்றான். சாளரத்தில் நின்ற வேறொரு பெண்ணைக் காட்டி, அவளே ஹீரோ என்று கிளாடியோவை நம்பவைக்கின்றனர் அவனும் அவன் ஆளும். கிளாடியோ மணமேடையிலேயே குற்றமற்ற ஹீரோவை இகழ்ந்து ஒதுக்குகின்றான். பெனடிக்கை ஏமாற்றி நகைத்தவர்களுள் இந்தக் கிளாடியோவும் ஒருவன்! கருவி ஒன்றே, பிடித்த கைதான் வேறு. ஏமாற்றப்படுபவனோ கையைக் காண்பதில்லை.

நம் வாழ்விலும் இவை நிகழ்வனவே. வறிய மாணவன் ஒருவனுக்குத் தோழன் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, அது பள்ளியின் உதவி நிதி என்று ஆசிரியரைக் கொண்டு சொல்லச் செய்கின்றான். மற்றொருவன், நண்பனுக்குத் தொலைவூரில் கிடைத்த வேலைக்கான கடிதத்தை ஒளித்துவிடுகின்றான்; அங்குச் சென்றால் அவன் துன்புறுவான் என்பது இவன் கூறும் காரணம். பிரிய மனமில்லாமையும் அதனுள் கலந்திருக்கக்கூடும். அதனை அவனே அறியான். உண்மை தெரியும் நாளில் நண்பன் நன்றி கூறுவானா என்று எண்ணிப் பார்த்துச் செய்யலாம் என்பர் சிலர். நல்ல அளவுகோல்தான். ஆனால், நன்றி கூறுவான் என்று முன்கூட்டியே முடிவுசெய்பவன் யார்? சூழ்ச்சி செய்பவனே அன்றோ? கட்டணம் பெற்ற மாணவன்கூட, ‘என்னிடம் ஏன் நேரே சொல்லவில்லை?’ என்று வருந்துதல் கூடும்.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் மெய்யோடு ஒக்கும் என்று திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் இடம் தருகின்றார். நட்பைப் பற்றிக் கூறுமிடத்திலோ, நண்பன் வழிதவறும்போது முற்பட்டு இடித்துரைப்பதையே அவர் வேண்டுகின்றார்.

அவ்வாறு இடித்துரைத்தவர் புல்லாற்றூர் எயிற்றியனார். கோப்பெருஞ்சோழன் தன் மைந்தர்மீதே படையெடுத்து எழுந்தபோது, நிமித்தம் தீயது என்றோ, பகைவர் படை பெரிது என்றோ கூறி அவனைத் தடுக்கப் புலவர் முயன்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ‘எதிர்நிற்பவர் உன் பகைவர் அல்லர், நீ வென்றால் உனக்குப்பின் நாட்டை யார்க்கு விட்டுச்செல்வாய்? தோற்றால் மகிழ்வோர் உன் பகைவரே’ என்னும் கருத்தினை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். சினந்து மறுக்கவும் அம்மன்னனுக்கு முழு உரிமை இருந்தது. அவன் மறுக்கவில்லை, போரைக் கைவிட்டான்.