மிதிக்கும் காலும் பற்சக்கரமும்

உழைப்பைக் குறைக்கும் கருவி வேறு. உழைப்பை எளிதாக்கும் கருவி வேறு. இரண்டும் ஒன்றே என்று நாம் பல வேளைகளில் மயங்கிவிடுகிறோம். சைக்கிளில் பொருத்தப்படும் கியர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவ்வேறுபாட்டை உணர, மேனாட்டாரின் சாய்வுச் சைக்கிளையும், கல்கத்தாவின் புறநகர்களில் நம் குடும்பத்தினர் ஏறிச் செல்லும் சைக்கிள் ரிக்ஷாவையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

சாய்வு நாற்காலியில் அமர்ந்தாற்போல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிப்பது சாய்வுச் சைக்கிள். 1933-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் பிரான்சிஸ் ஃபோர், மோஷே என்பவர் அமைத்த இவ்வகை வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டி, முந்தைய சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே உலக சைக்கிள் சங்கம் இவ்வண்டியைப் பந்தயச் சாதனைகளினின்றும் விலக்கியது. காற்றின் எதிர்ப்பு குறைவதே இதன் வேகத்துக்குக் காரணம்.

ஆனால் மேடு வந்தால் இதன் குறை வெளிப்படும். சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று உடல் எடை முழுவதையும் மிதியின்மேல் செலுத்தலாம். சாய்ந்திருப்பவருக்கு அது இயலாது. ஆகவே மிகத் தாழ்ந்த கியர் அவருக்கு இன்றியமையாதது. மேலும், மிதி முன்னேயும் இயங்கு சக்கரம் பின்னேயும் இருப்பதால், சங்கிலி வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நீள்கிறது. அதை வழிநடத்தும் உருளைகள் சிறிது சக்தியை விழுங்கிவிடுகின்றன. முன்சக்கரத்தையே இயக்கினால் சங்கிலி குறுகும்; ஆனால் ஏற்றத்தில் பாரம் பின்னே சாய, முன்சக்கரம் பிடிப்பிழந்து வழுக்கும். எந்த இழப்பை ஏற்பது என்பதே அமைப்பாளரின் தீராத சிக்கல்.

நமது ரிக்ஷாவிலும் சங்கிலி நீளமே. ஆனால் கியர் ஒன்றுதான். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநர் 55 கிலோ, பயணிகள் இருவர் 125 கிலோ, வண்டி 90 கிலோ, ஆக 270 கிலோ என்று கொள்வோம். முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 22 பற்களும் இருப்பின், மிதி ஒரு முறை சுழல, 28 அங்குலச் சக்கரம் இரு முறை சுழன்று வண்டி ஏறத்தாழ நாலரை மீட்டர் நகரும். ரயில் பாதையின்மேல் அமைந்த பாலத்தில் 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்வு இருந்தால், மிதியின்மேல் சராசரியாக 68 கிலோ எடைக்கு ஒப்பான அழுத்தம் தேவைப்படும். 55 கிலோ எடையுள்ள மனிதர் எழுந்து நின்று மிதித்தாலும் அது எட்டாது. இறங்கிக் கையால் இழுப்பதன் காரணம் சோம்பல் அன்று, கணிதமே.

பின் பற்சக்கரத்தின் பற்களை இரட்டித்தால் அழுத்தம் 34 கிலோவாகப் பாதியாகும், முழங்கால் பிழைக்கும். ஆனால் அதே தூரத்துக்கு இருமடங்கு முறை மிதிக்க வேண்டும். ஏற்ற வேண்டிய பாரமும் உயரமும் மாறாமையால் மொத்த உழைப்பு அப்படியே நிற்கும். இடைவிடாது 100 வாட் சக்தி தரும் ஒருவர் இத்தகைய ஏற்றத்தில் 100 மீட்டர் செல்ல இரண்டரை நிமிடத்துக்கு மேலாகும். அது நடையைவிட மெதுவான வேகம். அவ்வேகத்தில் இருசக்கரச் சாய்வுச் சைக்கிள் நிலைதடுமாறும். மூன்று சக்கர ரிக்ஷா அசையாது நிற்கும். அவ்வகையில் தாழ்ந்த கியருக்கு ரிக்ஷாவே தகுந்த வண்டி.

அப்படியிருந்தும் அது ஏன் பரவவில்லை? சங்கிலியைப் பல்லுக்குப் பல் தாவச் செய்யும் கியர், மழைக்காலச் சேற்றில் விரைவில் தேயும். 1902-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் பெயரால் விளங்கும் வகை, சக்கரத்தின் குடத்துக்குள் மூடியே இருக்கும். ஆனால் விலை அதிகம், பழுது பார்ப்பவரும் அரியர். மேலும் ரிக்ஷாக்காரர் பலர் நாள் வாடகைக்கே வண்டி எடுக்கின்றனர். கியருக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர். பயன் பெறுவதோ வாடகைக்காரரின் முழங்கால். பயனும் செலவும் ஓரிடத்தில் சேராத பொருள் எளிதில் பரவுவதில்லை.

முயற்சிகள் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அனில் ராஜவன்ஷி குழுவினர், ஐந்து கியரும் குறுகிய சங்கிலியும் பின்சக்கரப் பிரேக்கும் கொண்ட ரிக்ஷாவை உருவாக்கினர். நம் வங்காளத்தின் துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம், மிதியோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் 'சோலெக்ஷா'வை அமைத்தது. அது 2008 அக்டோபர் 2 அன்று தில்லியில் அறிமுகமாயிற்று. சூரிய ஒளியால் மின்னேற்றிய பேட்டரி, கியரால் குறைக்க இயலாத உழைப்பையே பகிர்ந்துகொள்கிறது. இன்று 'டோட்டோ' என்னும் பேட்டரி வண்டி மிதியையே நீக்கிவிட்டது. ஆயினும் மிதித்தே பிழைப்போர் இன்னும் உளர்.

அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாலத்தின் அடியில் பயணிகள் இருவரும் இறங்கி நடந்தால், மிதியின்மேல் தேவைப்படும் அழுத்தம் 68 கிலோவிலிருந்து ஏறத்தாழ 36 கிலோவாகும். விலையுயர்ந்த கியர் தரும் எளிமையை அது தருவதோடு, கியரால் தர முடியாத உழைப்புக் குறைவையும் தருகிறது. அதற்குப் பற்சக்கரம் வேண்டுவதில்லை. நம் கால்களே போதும்.