ஓடட்டும், விடு!

கபடி பார்க்க வருகிற கூட்டத்தின் கண் முழுக்க ரைடர் மேலேதான் இருக்கும். அவன் தொடையைத் தட்டினால் விசில். காலை நீட்டினால் விசில். நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைக்கு மேலே எழும்பும். எதிரில் நிற்கிற ஏழு பேர் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள், ஒருவர் ஏன் திடீரென்று அரையடி பின்னால் போனார் என்பதெல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆட்டத்தின் பாதிச் சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது! தம்மம்பட்டியில் ஒரு மின்னொளிப் போட்டியின்போது அந்த ஏழு பேர் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தது. அன்று பார்த்ததையும் கேட்டதையும் யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை. நடுவில் மரவள்ளிக் காடும் பாக்குத் தோப்புமாக விரிந்த ஊர். கோயில் வாகனங்களும் மரச்சிற்பங்களும் செய்து பேர் வாங்கிய ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் மைதானம் ஒன்று காலியாக இருந்தால் சாயங்காலம் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிடும் என்பது அவ்வளவாக வெளியே தெரியாது. ஆத்தூர், கங்கவல்லி, துறையூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வேனில் அணிகள் வந்து இறங்கும். நான் ஒட்டிக்கொண்ட அணியில் லெஃப்ட் கார்னர் பகலில் பட்டறையில் உளி பிடிக்கிறவர். ரைட் இன் கல்லூரி மாணவர். நடுவில் நிற்கிற கவர் மக்காச்சோள வண்டி ஓட்டுகிறவர். மற்றவர்களும் அப்படித்தான், பகலில் ஆளுக்கொரு வேலை.

எதிரணியில் ஒரு பையன். ஒல்லி, உயரமும் அதிகமில்லை. ஆனால் ஒரு இடத்தில் நிற்கவே மாட்டான். பிடிக்கப் போனால் அவன் இருந்த இடத்தில் காற்றுதான் இருக்கும். முந்தைய ஆட்டத்தில் அவன் ஆடியதைப் பார்த்துவிட்டு இவர்கள் எல்லோரும் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் ஒரு வேப்பங்குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்தார்.

"நின்னு ஆடறவன புடிச்சரலாம் கண்ணு. இவன் நிக்க மாட்டான். அதனால புடிக்கப் போவாதீங்க. ஓடட்டும், வுடுங்க. எங்க ஓடணும்னு மட்டும் நாம சொல்லுவோம்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கபடித் தற்காப்பின் மொத்த வித்தையும் அந்த நாலு வரியில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஆண்கள் களத்தில் ஒரு பாதி 10 மீட்டர் அகலம், 6.5 மீட்டர் ஆழம். இரு ஓரத்திலும் ஒரு மீட்டர் லாபி. ஒருவர் மேல் கை படும்வரை லாபி ஆட்டத்தில் சேராது. ஆக, ரைடர் ஓடித் திரியக் கிடைப்பது 8 மீட்டர் அகலம்தான். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் லைன். கையில் 30 நொடி. இவ்வளவு சின்ன இடத்தில் ஏழு பேர் சும்மா சரியாக நின்றாலே அவனுக்குப் போக வழி குறைந்துவிடும். ஒருவர் அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தால் அவர் விட்டுப்போன இடம்தான் அவனுக்கு வாசல்.

நிற்கிற முறை இரண்டு, மூன்று, இரண்டு. இடது கார்னரும் அவருக்கு அடுத்து நிற்கிற 'இன்' ஆட்டக்காரரும் கைகோத்து ஒரு செயின். வலப்பக்கம் அதேபோல இன்னொன்று. நடுவில் இரண்டு கவரும் சென்டரும். நான் அதுவரை செயின் என்றால் பிடிக்கும்போது பலம் சேர்ப்பதற்கு என்றே நினைத்திருந்தேன். கல்லூரிப் பையன் என் விரலைப் பிடித்துக் காட்டினான். ஒரு அழுத்து அழுத்தினால் 'பொறு'. இரண்டு அழுத்து என்றால் 'போறேன், வா'. இத்தனை சத்தத்தில் வாயால் சொன்னால் கேட்காது, கேட்டால் ரைடருக்கும் கேட்டுவிடும். கோத்த விரலுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது! இனிமேல் எந்தக் கபடி பார்த்தாலும் என் கண் அந்தக் கைகளை விட்டு நகராது.

பிடிப்பதைவிடப் பொறுப்பதற்கு ஏன் இவ்வளவு பயிற்சி? விதி அப்படி. ரைடரின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டால் போதும், அந்த நேரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் அவுட். ஒருவர் அரைமனதாகக் காலைப் பிடித்து, மற்ற மூவர் தாமதமாக வந்து விழுந்தால் ஒரு புள்ளி போகவேண்டிய இடத்தில் நாலு புள்ளி போகும். பர்தீப் நர்வால் பேர் வாங்கியதே இப்படிப் பலர் சேர்ந்து பிடிக்கிற இடத்தில்தான். 2017 புரோ கபடி லீக் எலிமினேட்டரில் பாட்னா பைரேட்ஸுக்காக ஹரியானா ஸ்டீலர்ஸை எதிர்த்து அவர் எடுத்தது 34 புள்ளி. அதில் ஒரே ரெய்டில் 8. ஆட்டம் 69-30 என்று முடிந்தது. செயின் போட்டு நெருங்குகிறவர்களின் கைகளுக்கு அடியில் புகுந்து வெளியேறுகிற டுப்கிதான் அவருடைய கைச்சரக்கு.

மாஸ்டர் டுப்கிக்கு மாற்று சொல்லிக்கொடுத்ததை எழுந்து நின்று பார்த்தேன். செயினை மார்பு உயரத்தில் வைத்து நேராகப் போனால் அவன் குனிந்து போய்விடுவான். எனவே கோத்த கை இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும். நேரே மோதாமல் பக்கவாட்டில் வந்து இடுப்பை அணைக்க வேண்டும். இன்னொருவர் ரைடரையே பார்க்கக் கூடாது. அவனுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் போய்க் குந்திவிட வேண்டும். கவர் அண்ணன் நாலைந்து தடவை குந்திக் குந்தி எழுந்தார். ஆளைப் பிடிக்கிற வேலை அவருக்கு இல்லை, வழியைப் பிடிக்கிற வேலை. ஆட்டம் முடிந்தபிறகு யாரும் அவரைத் தூக்கிக் கொண்டாடப் போவதில்லை. என் ஓட்டு அவருக்குத்தான்.

இதே தலைவலி கடல் தாண்டியும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிகிறவர். அவரே பந்தோடு ஓடவும் தெரிந்தவராக இருந்தால் எதிரணிக்குக் கண்ணைக் கட்டும். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லமார் ஜாக்சன் 2019 பருவத்தில் ஓடியே 1,206 கெஜம் எடுத்தார். அவரைப் போன்றவர்களுக்காகவே அங்கே 'ஸ்பை' என்று ஒருவரை வைக்கிறார்கள். மற்ற வேலை எதுவும் அவருக்கு இல்லை, குவார்ட்டர்பேக் எந்தப் பக்கம் அசைகிறாரோ அந்தப் பக்கம் அசைந்து முன்னால் நிற்பது மட்டுமே. ஓரத்தில் பாய்கிறவர்களும் அவரைத் தாண்டி ஓடிவிடக் கூடாது, உள்ளேயே அடைத்து வைக்க வேண்டும். 2020 ஜனவரியில் டென்னசி டைட்டன்ஸ் இந்த ஜாக்சனை வீழ்த்திய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றும் அவர் 143 கெஜம் ஓடினார், எறிந்தது இன்னும் 365. ஆனால் ரேவன்ஸ் எடுத்தது 12 புள்ளிதான், டைட்டன்ஸ் 28. நடு மைதானத்தில் ஓட விட்டார்கள். ஒரு கெஜம் போனால் போதும் என்ற இடத்தில் இரண்டு முறை சுவராக நின்றார்கள்.

மாஸ்டர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "போனஸ் எடுத்துட்டுப் போறானா? போவட்டும். நம்ம ஆளு ஒருத்தனும் கொறையல. டச்சு மட்டும் குடுக்காதீங்க." போனஸ் ஒரு புள்ளியோடு சரி. அதனால் யாரும் வெளியே போக மாட்டார்கள், அவர்கள் பக்கம் வெளியே உட்கார்ந்திருப்பவரும் உள்ளே வர முடியாது. டச் என்றால் புள்ளியோடு ஆளும் போகும். ஆறு பேருக்குக் கீழே போய்விட்டால் போனஸே கிடையாது என்பதும் சேர்ந்த கணக்கு. சேலம் மாவட்டத்து மண்ணிலும் டென்னசியிலும் ஒரே யோசனை, ஒரே துணிச்சல்!

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதை நமக்கு வலிக்க வலிக்கக் காட்டியவர்கள் ஈரான்காரர்கள். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடித் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே. ஆனால் 2018 ஜகார்த்தா அரையிறுதியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, பர்தீப் நர்வால் என்று நட்சத்திர ரைடர்கள் நிறைந்த அணி மொத்தம் 18 புள்ளிதான் எடுத்தது. ஈரான் 27. அந்தத் தற்காப்பில் ஃபசல் அத்ராச்சலி போன்றவர்கள் நின்ற நிலையைப் பாருங்கள். ரைடர் ஆட ஆட இவர்கள் ஆட மாட்டார்கள்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கும் அதே ஈரானிடம்தான் போக வேண்டியிருக்கிறது. 2023 ஹாங்சோ இறுதிப் போட்டி, 28-28. இந்தியாவின் பவன் செராவத் ரெய்டு போகிறார். யாரையும் தொடாமலே லாபிக்குள் போய்விட, ஈரான் வீரர்கள் அவரைத் துரத்திக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டார்கள். யார் அவுட், எத்தனை பேர் அவுட் என்று களத்திலேயே பெரிய தகராறு. ஆட்டம் வெகுநேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வென்றது. எந்த விதிப்படி தீர்ப்பு சரி என்று இன்றும் வாதம் செய்யலாம். மாஸ்டர் எடுத்துக்கொண்டது வேறு: "கோட்டத் தாண்டித் தொரத்தாத. அவனே வெளிய போறான்னா போவட்டும்."

பவனின் இன்னொரு கதையும் அன்று மேடைக்குப் பின்னால் பேச்சில் வந்தது. 2022-இல் புரோ கபடி அணியான தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அணி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தபோது, நரேந்தர் என்ற இளம் ரைடரும், சாகர் ராத்தி, சாஹில் குலியா என்ற இரண்டு கார்னர்களும், தமிழ்நாட்டுக்காரரான கவர் அபிஷேக்கும் சேர்ந்து அந்த அணியை முதன்முறையாக பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எதிரே வந்தது யார்? பர்தீப் நர்வால் ஆடிய யூபி யோதாஸ்! 36-36 என்று சமமாகி, டை-பிரேக்கரில் 6-4 என்று தலைவாஸ் ஜெயித்தது. "அன்னிக்கு எங்க ஊட்டுல டிவி முன்னாடி யாரும் சாப்புடல" என்றார் கவர் அண்ணன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். முதல் பாதியில் அந்த ஒல்லிப் பையன் நான்கு போனஸ் எடுத்தான். கூட்டம் இவர்களைத் திட்டித் தீர்த்தது, பிடிக்கத் தெரியாதா என்று. இவர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் ஓடுகிறான், கை வீசுகிறான், இவர்கள் பின்னால் போகிறார்கள், முன்னால் வருகிறார்கள். செயினில் ஒரு அழுத்து. மறுபடியும் ஒரு அழுத்து. பொறு. பொறு.

இரண்டாம் பாதியில்தான் சங்கதி. இவர்கள் தரப்பில் ஐந்து பேராகிவிட்டதால் போனஸ் இல்லை. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமனே போனது. மூன்றாவது, தொட்டே ஆகவேண்டிய ரெய்டு. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம், வேண்டாம் என்றால் திரும்பிப் போகலாம் என்ற சுதந்திரம் இப்போது அவனுக்கு இல்லை. இவர்கள் அரை மணி நேரமாகக் காத்திருந்தது இந்த ஒரு ரெய்டுக்காக! வலப்பக்கத்து ஆட்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அதனால் இடப்பக்கம் இடம் விரிந்தது. கார்னர் வேண்டுமென்றே இன்னும் பின்னால் சரிந்தார். பையன் அந்த இடத்தைப் பார்த்தான், பாய்ந்தான், கால் விரலை நீட்டினான். நான் பக்கத்திலிருந்து இன்னின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் இரண்டு முறை இறுகின.

கார்னரின் இரண்டு கையும் கணுக்காலில். இன் தொடையில். கவர் அண்ணன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுக்கோட்டு வழியில் போய்க் குந்திவிட்டார். பையன் நீட்டிய கை அவர் முதுகில் பட்டு அங்கேயே நின்றது. கோட்டுக்கு இன்னும் ஒரு சாண். நடுவர் கை தூக்கினார், நான் துள்ளிக் குதித்ததில் பக்கத்தில் இருந்தவரின் டீ கொட்டிவிட்டது.

ஆட்டம் முடிந்து கைகொடுத்துக்கொண்டபோது அந்தப் பையன் நேராகக் கார்னரிடம் வந்தான்.

"எப்டிண்ணா தெரிஞ்சுது, அந்தப் பக்கம்தான் வருவேன்னு?"

"திரும்பறதுக்கு முன்னாடி உனக்கு சோத்துக்கைப் பக்கத்துத் தோள் எறங்குது தம்பி. ஒவ்வொரு தடவையும். அத மாத்து."

பையன் நின்ற இடத்திலேயே தோளை இறக்கியும் ஏற்றியும் பார்த்துக்கொண்டான். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "டேய், ஏன்டா சொன்ன? அடுத்த மேட்ச்சும் அவனோடதான்டா!"

"மாத்திக்கட்டும்ண்ணே," என்றார் கார்னர், முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே. "காலப் பாத்தீங்களா, எடது குதிகால் கொஞ்சம் முன்னாடியே எழும்புது. அத நான் சொல்லல."