காட்டுத் தீயில் மடியும் காவலர்கள்: சேஷாசலம் முதல் பின்சர் வரை எழும் கேள்வி

புது தில்லி: 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருமலையைச் சூழ்ந்துள்ள சேஷாசலம் காடுகள் நாள்கணக்கில் எரிந்தன. பிரிவினையை எதிர்நோக்கியிருந்த ஆந்திரப் பிரதேசம் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ் இருந்தது. மக்களவைத் தேர்தலும் அறிவிக்கப்பட்டிருந்தது. ஏழுமலையானைத் தரிசிக்க நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் ஏறிவரும் மலை என்பதால் தில்லி விரைந்து செயல்பட்டது. ராணுவத்தினர் வந்தனர். விமானப் படை ஹெலிகாப்டர்கள் திருமலையின் நீர்த்தேக்கங்களில் நீர் மொண்டு தீயின் மீது கொட்டின. பக்தர்களுக்கு ஆபத்து நேராமல் தீ அடங்கியது.

நாடு அன்று தொலைக்காட்சியில் கண்டது அந்த ஹெலிகாப்டர்களைத்தான். ஆனால், இந்தியாவின் எந்தக் காட்டிலும் தீயை எதிர்கொள்ளும் முதல் வரிசை தரையில்தான் நிற்கிறது. வனக் காவலர்களும், கோடைக்காலத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலர்களும், தினக்கூலிகளும் பச்சைக் கிளைகளை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கின்றனர். சருகுகளைக் கூட்டித் தள்ளித் தீ பரவாமல் வழி மறிக்கின்றனர். அவர்களில் பலர் காட்டை ஒட்டிய கிராமங்களைச் சேர்ந்த இளைஞர்கள்.

அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன நேரக்கூடும் என்பதை நாடு பத்து ஆண்டுகள் கழித்து இமயமலை அடிவாரத்தில் கண்டது.

பின்சரில் நடந்தது

2024 ஜூன் 13. உத்தரகண்ட் மாநிலம் அல்மோரா மாவட்டத்தில் உள்ள பின்சர் வனவிலங்கு சரணாலயத்தில் பரவிய தீயை அணைக்க எட்டுப் பேர் கொண்ட குழு வாகனத்தில் சென்றது. பலத்த காற்றில் திடீரென மூண்டெழுந்த தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. நான்கு பேர் கருகி மாண்டனர். அவர்களில் வனத் துறையின் நிரந்தரப் பணியாளர் ஒருவர். மற்றவர்கள், 21 வயதே ஆன தீத்தடுப்புக் காவலர் ஒருவர், மாநிலத்தின் துணைக் காவல் அமைப்பைச் சேர்ந்த ஒருவர், தினக்கூலித் தொழிலாளி ஒருவர். படுகாயமடைந்த நால்வர் விமானம் மூலம் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை பின்னர் மேலும் உயர்ந்தது.

உத்தரகண்டில் தீக்காலம் என்று அரசு கணக்கிடுவது பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை. அந்தக் கணக்கின்படி, பணி முடிய இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன.

இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா ரூ.10 லட்சம் அறிவிக்கப்பட்டது. வனத் துறை உயர் அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இது தனித்த நிகழ்வு அல்ல. 2017 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் தீயை அணைக்கச் சென்ற இளம் வனக் காவலர் ஒருவர் உயிரிழந்தார். 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் அருகே வனக் காவலர்கள் மூவர் தீயில் சிக்கி மாண்டனர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானதைத் தமிழகம் மறந்திருக்காது. அந்தத் துயரத்துக்குப் பின் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது. காட்டுக்குள் உல்லாசமாகச் செல்பவருக்கு விதி பிறந்தது. தீயை நோக்கி அனுப்பப்படுபவரின் பாதுகாப்பு இன்னும் அதிர்ஷ்டத்தையே நம்பியிருக்கிறது.

தீ கொல்லும் விதம்

இத்தகைய மரணங்களை "எதிர்பாராத விபத்து" என்று கூறுவது வழக்கம். தீயின் இயல்பை அறிந்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள்.

சமவெளியில் பரவும் தீயைவிட மலைச்சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ பன்மடங்கு வேகமானது. கீழே எரியும் சுடரின் வெப்பம் மேலே உள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது தீ ஆய்வாளர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. அதனுடன் காற்றும் திசை மாறினால், சில நிமிடங்களுக்கு முன் முழங்கால் உயரத்தில் இருந்த தீ மனிதனால் ஓடித் தப்ப முடியாததாகிவிடும். காய்ந்த புல்லும், செங்குத்துச் சரிவும், குறுகிய பள்ளத்தாக்கும் சேரும் இடமே மிக ஆபத்தானது.

இதை அமெரிக்கா மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1949 ஆகஸ்ட் 5 அன்று மான்டானா மாநிலத்தின் மான் பள்ளத்தாக்கில், பாராசூட் மூலம் குதித்துத் தீயணைக்கும் பயிற்சி பெற்ற இளைஞர் குழு சிக்கியது. புல் சரிவில் தீ அவர்களைத் துரத்தியது. 13 பேர் இறந்தனர். குழுவின் தலைவர் தம் முன்னே இருந்த புல்லைத் தாமே கொளுத்தி, எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்து உயிர் தப்பினார். அவர் செய்தது என்னவென்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அந்த மரணங்களும் அதை அடுத்து நிகழ்ந்தவையும் ஆராயப்பட்டு, 1957-இல் பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. வானிலையை அறிந்துகொள், கண்காணிப்பாளரை நிறுத்து, தப்பும் வழியை முன்பே முடிவுசெய் என்பவை அவற்றில் அடங்கும்.

விதிகள் இருந்தும் 2013 ஜூன் 30 அன்று அரிசோனா மாநிலத்தின் யார்னெல் மலையில் ஒரே குழுவைச் சேர்ந்த 19 தீயணைப்பாளர்கள் மாண்டனர். இடிமழை மேகத்திலிருந்து வீசிய காற்று தீயின் திசையை மாற்றியது. அங்கே விசாரணை அறிக்கை மூன்று மாதங்களுக்குள் மக்கள் முன் வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், தொழிலாளர் பாதுகாப்பு விதிகளை மீறியதாக மாநில வனத் துறைக்கே 5,59,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஓர் அரசுத் துறையின் தவறை அதே அரசின் இன்னொரு துறை சுட்டிக்காட்டியது கவனிக்கத்தக்கது.

தில்லியின் பொறுப்பு

காடுகள் மாநிலங்களின் பொறுப்பு என்று கூறி மத்திய அரசு ஒதுங்க இயலாது. 1976-ஆம் ஆண்டின் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் வனத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. காடழிப்புக்கு ஈடாக வசூலிக்கப்படும் நிதி 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படியே நிர்வகிக்கப்படுகிறது. காட்டுத் தீ குறித்த தேசியச் செயல் திட்டம் 2018-இல் வெளியிடப்பட்டது. நாட்டின் காடுகளில் 36 சதவீதத்துக்கும் அதிகமான பரப்பு அடிக்கடி தீக்கு இலக்காகக் கூடியது என்று டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. அந்நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கைகளை மாநிலங்களுக்கு அனுப்பி வருகிறது.

எனவே அறிவு இல்லை என்றோ, திட்டம் இல்லை என்றோ கூற முடியாது. தீ எங்கே எரிகிறது என்பதை வானத்திலிருந்து காண முடிகிறது. அங்கே அனுப்பப்படும் இளைஞரிடம் தீ தாங்கும் உடை உள்ளதா, தகவல் தொடர்புக் கருவி உள்ளதா, காற்றைக் கவனித்துச் சொல்ல ஒருவர் நிறுத்தப்பட்டுள்ளாரா என்பதை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது.

பின்சர் துயரத்துக்கு ஒரு மாதம் முன்பே, 2024 மே 15 அன்று, உத்தரகண்ட் காட்டுத் தீ குறித்த வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. நீதிபதிகள் பி.ஆர். கவாய், எஸ்.வி.என். பட்டி, சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வு இரண்டு கேள்விகளை எழுப்பியது. தீக்காலத்தில் வனத் துறைப் பணியாளர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன்? ஈட்டு நிதியிலிருந்து தீத்தடுப்புக்காக ஒதுக்கப்பட்ட தொகை முழுமையாகச் செலவிடப்படாதது ஏன்? கேள்வி எழுந்த 29-ஆம் நாள் பின்சரில் உயிர்கள் பலியாயின.

மீண்டும் சேஷாசலம்

பின்சரின் ஊசியிலைக் காடும் சேஷாசலத்தின் இலையுதிர் காடும் வேறுவேறு. ஆயினும், ஆபத்தின் கூறுகள் இரண்டிலும் ஒன்றே. சித்தூர், கடப்பா மாவட்டங்களில் பரந்திருந்த 4,755 சதுர கி.மீ. சேஷாசலம் நிலப்பரப்பு 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சித்தூர் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. கோடையில் இலை உதிர்ந்த மரங்கள், காய்ந்து நிற்கும் புல், செங்குத்துப் பாறைச் சரிவுகள், குறுகிய பள்ளங்கள் ஆகிய அனைத்தும் இங்கே உள்ளன. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காண அரிதான செம்மரமும் இங்கேதான் உள்ளது. கடத்தலைத் தடுப்பதும் தீயைத் தடுப்பதும் அதே வனத் துறையின் தோளில்தான் விழுகின்றன.

2014-இல் தீ எழுந்தபோது, கடத்தல்காரர்கள் வைத்ததா என்ற ஐயமே பெரிதும் பேசப்பட்டது. யார் வைத்தது என்பது காவல் துறை ஆராய வேண்டிய கேள்வி. யார், எந்தப் பாதுகாப்புடன், யாருடைய உத்தரவின்பேரில் அணைக்கச் செல்கிறார் என்பது அரசு பதில் கூற வேண்டிய கேள்வி. முதல் கேள்வியின் பரபரப்பில் இரண்டாவது மறைந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை எட்டாக்கனி அல்ல. தினக்கூலியானாலும் தற்காலிகப் பணியாளரானாலும் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் இன்றி எவரையும் தீமுனைக்கு அனுப்பலாகாது. காப்பீடும் இழப்பீடும் பணி நிரந்தரத்தைப் பார்த்து வேறுபடலாகாது. சரிவில் தீ மேலேறும்போது அதன் மேற்புறத்தில் ஆட்களை நிறுத்தலாகாது என்பது போன்ற எளிய கட்டளைகள் தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு காவலருக்கும் மனப்பாடமாக வேண்டும். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் தன்னாட்சி கொண்ட விசாரணை நடந்து, அதன் அறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்வது தண்டனையாக இருக்கலாம். அடுத்த குழுவுக்கு அது எந்தப் பாடத்தையும் கற்பிக்காது.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த அஞ்சலி உரியதே. ஆனால், பிப்ரவரி பிறந்ததும் திருப்பதி மலையடிவாரக் கிராமங்களிலிருந்து காட்டுக்குள் செல்லும் இளைஞருக்குத் தேவைப்படுவது தியாகி என்ற பட்டம் அல்ல. மாலையில் வீடு திரும்புவதற்கான உத்தரவாதம்.