களைவெட்டி எஞ்சின் வானேறும்போது

கொல்லிமலைக் காப்பித் தோட்டத்திலும் மோகனூர் வாழைத் தோப்பிலும் களை வெட்டுகிற பிரஷ் கட்டரின் பின்முனையில் ஒரு சின்ன எஞ்சின் இருக்கும். ஹோண்டா ஜி.எக்ஸ்.35 என்றால் 35.8 சி.சி., நாலு ஸ்ட்ரோக். 7000 சுற்றில் ஒரு கிலோவாட் சக்தி தரும். ஆயிலும் பெட்ரோலும் ஊற்றாத எடை 3.33 கிலோ. எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் ஆயில் போய்ச் சேரும்படி செய்யப்பட்டது. ரேடியோவில் ஓட்டும் பெரிய மாதிரி விமானத்துக்கு இது பொருந்துமே என்று லேத் வேலை தெரிந்தவருக்குத் தோன்றுவது இயல்பு. லாரி பாடியும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் கட்டி வளர்ந்த நாமக்கல் மாவட்டம் நம்முடையது. இங்குள்ள பொறியியல் கல்லூரிகளில் ஏரோநாட்டிகல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை உண்டு.

ஆசையில் தவறில்லை. 2003 ஆகஸ்டில் அமெரிக்கரான மேனார்ட் ஹில் குழுவினர் செய்த மாதிரி விமானம் ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையோடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, 38 மணி 52 நிமிடத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. அதில் இருந்தது மாற்றியமைத்த ஒரு 10 சி.சி. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். குறைந்த எரிபொருளில் நெடுநேரம் ஓடுவதும், காதைக் கிழிக்காத சத்தமும்தான் இந்த வகையின் கவர்ச்சி.

ஆனால் ஒரு கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்துக்கென்றே செய்யப்படும் 35 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் ஒரு கிலோ எடையில் நான்கு குதிரைத்திறன் தருகிறது. களைவெட்டி எஞ்சின் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். கிளட்சு, டேங்க், மேல்மூடி எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அது கனமாகவே இருக்கும். அகல இறக்கையோடு மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குத்தான் இது சரி. காசு மிச்சம் என்று மட்டும் நினைத்து இறங்குபவர்கள் இந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும்.

இந்த வேலையில் பலர் கவனிக்காத ஒன்று பொறுப்பு. எஞ்சின் கடையிலிருந்து வந்த நிலையில் பழுதானால் அது தயாரித்தவர், விற்றவர் பொறுப்பு. ஃப்ளைவீலில் லேத்தின் உளி பட்ட கணமே வாரண்டி போய்விடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 87-ஆம் பிரிவின்படி, பாதிப்பு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது. அதற்குப் பிறகு அந்த எஞ்சினைச் செய்தவர் நீங்கள்தான். அதனால் என் யோசனை: புது எஞ்சினை வாங்கியதும் அறுக்காதீர்கள். பிரஷ் கட்டரிலேயே சில மணி நேரம் ஓட்டுங்கள். குறை இருந்தால் வாரண்டி உயிரோடு இருக்கும்போதே வெளிவரட்டும்.

இனி லேத்துக்கு வருவோம். ஃப்ளைவீல் காந்தத்தைச் சுமந்து தீப்பொறிக்கு வழிசெய்கிறது, காற்றடித்து எஞ்சினைக் குளிர்விக்கிறது, சுழற்சியைச் சீராக்குகிறது. எடை குறைக்க அதன் இறகுகளைச் சீவும்போது சமநிலை கெடலாம், காந்தத்தின் பிடிப்புத் தளரலாம். இறகு போன பிறகு புரொப்பல்லர் காற்றை சிலிண்டர் பக்கம் திருப்பத் தகட்டுத் தடுப்பு வேண்டும். அது இல்லாமல் தரையில் நெடுநேரம் ஓட்டினால் எஞ்சின் சூட்டில் பிடித்துக்கொள்ளும். கிராங்கில் புரொப்பல்லரை மாட்டும் ஹப் ஒரு நூல் அளவு மையம் தவறினாலும் போதும், ஒற்றை சிலிண்டரின் அதிர்வோடு அது சேர்ந்து போல்ட்டுகளைத் தளர்த்தும், ஒயரை அறுக்கும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காத டர்னரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கிராங்க் சுழலும் திசைக்குப் பொருந்தும் புரொப்பல்லரா என்பதையும் முதலில் பாருங்கள்.

18 அங்குல புரொப்பல்லர் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், தான் ஓட்டிய மாதிரி ஹெலிகாப்டரின் இறக்கை பட்டு 19 வயது இளைஞர் இறந்துபோனார். இந்த வகை எஞ்சினில் தீப்பொறி நேரம் மாறாதது. கையால் சுண்டினால் திருப்பி அடித்து விரலை எடுத்துவிடும். வால்பக்கத்தைக் கட்டிவைத்துப் பின்னாலிருந்து முடுக்க வேண்டும், புரொப்பல்லரின் பக்கவாட்டுக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. ரேடியோவிலிருந்தே தீப்பொறியை நிறுத்தும் சுவிட்ச் தனியாக இருக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் எஞ்சின் தானாக அணையும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, தரையில் சோதித்த பிறகே பறக்கவிட வேண்டும்.

எரிபொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தச் சின்ன எஞ்சின்களின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் கார்ப்பரேட்டரின் ரப்பர் சவ்வையும் குழாயையும் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும். களைவெட்டி நடுவில் நின்றால் கயிற்றை இழுத்து மறுபடி முடுக்கலாம், வானத்தில் அது நடக்காது. டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், சவ்வை அடிக்கடி மாற்றுங்கள். சிலிகான் குழாய் பெட்ரோலில் உப்பிப்போகும், பெட்ரோலுக்கென்றே உள்ள குழாய் போடுங்கள்.

சட்டம் உங்களுக்குக் கணிசமான சுதந்திரம் தருகிறது. ட்ரோன் விதிகள், 2021 மாதிரி விமானத்துக்குத் தனி இடம் ஒதுக்கியுள்ளது. 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் பறக்கும் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட வான்வெளியில் 400 அடி வரை முன் அனுமதியும் வேண்டியதில்லை. செயல்படும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடி. 8 கிலோமீட்டருக்குள் அனுமதி கட்டாயம், ஆகவே ஓமலூர் பக்கத்து நண்பர்கள் சேலம் விமான நிலையத்தை நினைவில் வையுங்கள். ஊருக்கு முக்கியப் பிரமுகர் வரும் நாளில் 96 மணி நேரம் வரை, அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கப்படலாம்.

ஆனால் பதிவு எண் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். ரிமோட் பைலட் சான்றிதழ் விலக்கு, வணிக நோக்கமில்லாமல் பறக்கும் 2 கிலோ வரையிலான விமானத்தோடு முடிந்துவிடுகிறது. நம் எஞ்சினை மாட்டிய விமானம் அந்த எல்லையைத் தாண்டிவிடுமே! பத்தாம் வகுப்பு தேறி 18 வயது நிரம்பியவர்கள் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலும், தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனக் கழகத்திலும் பயிற்சி பெறலாம். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள பச்சை மண்டல இடத்தில் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால் பதிவு, சான்றிதழ் இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. மாணவர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்தி வளாகத்துக்குள்ளேயே சோதிக்கலாம், ஏரிக்கரைக்குத் திருட்டுத்தனமாகப் போக வேண்டியதில்லை.

விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அதற்கான அரசு இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். அஜாக்கிரதையால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவும், மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவும் பாயும். கோழிப் பண்ணை, மின்கம்பி, நெடுஞ்சாலை, கோடையில் காய்ந்த புல்வெளி ஆகியவற்றின் பக்கம் போகாதீர்கள்.

பாதிக்கப்பட்டவருக்கும் வழி உண்டு. இத்தகைய விமானத்தால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் இழப்பீட்டு ஏற்பாடுகள் பொருந்தும் என்று ட்ரோன் விதியே சொல்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100. மாற்றிய எஞ்சினை விலைக்கு வாங்கி ஹப் உடைந்தாலோ, கூலி கொடுத்துச் செய்த லேத் வேலை மோசமானாலோ நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. ஆலோசனைக்கு 1915. ஆனால் கையில் பில் இருக்க வேண்டும். பழகிய பட்டறையில் பில் கேட்க நம் ஊரில் கூச்சப்படுவார்கள். கேளுங்கள், எந்த இரும்பு, என்ன அளவு என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.

விரல் துண்டானால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போடாதீர்கள். 108-ஐ உடனே அழையுங்கள்.

முதன்முதலாக எஞ்சினை முடுக்கும் நாளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும், குழந்தைகள் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களைத் தூரமாய் விமானத்தின் பின்னால் நிறுத்திவிட்டுக் கயிற்றைத் தொடுங்கள்.