மாடியில் கூடுதல் ரூம்... கடைக்குப் புது போர்டு... எதுக்கெல்லாம் அனுமதி வேணும்? முழு விவரம் இதோ!

"என் இடம், என் காசு. மேல ஒரு ரூம் போடுறதுக்கு யாரைக் கேட்கணும்?" வீட்டை விரிவுபடுத்தும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடைக்காரர்களின் எண்ணமும் இதேதான். பழைய போர்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. எழுத்து வைத்த புது போர்டை மாட்ட அனுமதி எதற்கு என்று கேட்பார்கள்.

சிக்கல் பெரும்பாலும் பிறகுதான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் மனு கொடுப்பார். வீட்டை அடமானம் வைக்கப் போனால், "பிளான்ல ஒரு மாடிதானே இருக்கு, ரெண்டாவது மாடிக்கு அனுமதி எங்கே?" என்று வங்கி கேட்கும். அப்போது ஓடுவதைவிட, செங்கல் இறக்குவதற்கு முன்பே விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஏற்கெனவே பிளான் அப்ரூவல் இருக்கே, அது போதாதா?

போதாது. நீங்கள் வாங்கிய அனுமதி, அந்த வரைபடத்தில் உள்ள கட்டடத்துக்கு மட்டும்தான். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்தால், முதல் மாடிக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். படிக்கட்டை வெளியே மாற்றுவது, பின்பக்கம் ஒரு அறையை நீட்டுவது, கார் நிறுத்தும் இடத்தைச் சுவர் வைத்து அடைப்பது போன்றவற்றுக்கும் இதே கணக்குதான். 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்'தான் இப்போது மாநிலம் முழுவதற்கும் பொருந்தும்.

அப்போ எதற்கெல்லாம் அனுமதி வேண்டாம்?

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங் போடுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை.

மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். கட்டடத்தின் பரப்பு கூடுகிறதா? உயரம் கூடுகிறதா? சுற்றிலும் விட்ட காலியிடம் குறைகிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். மொட்டை மாடியில் நாலு பக்கமும் சுவர் எழுப்பி மேலே ஷீட் போட்டால் அதுவும் ஓர் அறைதான். "காங்கிரீட் போடலையே, ஷீட்தானே?" என்ற வாதம் எடுபடாது.

என் மனையில் இன்னொரு மாடி போட முடியுமா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்பு குறியீடு. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண் இது. உயரமான அடுக்குமாடி அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு இதன் அடிப்படை வரம்பு 2.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்களிடம் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை இருக்கிறது. அதில் மொத்தம் 2,400 சதுர அடி வரை கட்டலாம். தரைத்தளம் 800, முதல் மாடி 800 என்று ஏற்கெனவே 1,600 கட்டியாச்சு. இரண்டாவது மாடியும் 800 என்றால் சரியாக 2,400. கணக்கு பொருந்திவிட்டது போலத் தெரியும்.

ஆனால் அடுத்த தடை செட்பேக். கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம், கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்து மாறும். உயரம் கூடினால் விட வேண்டிய இடமும் கூடும். ஒரு மாடி வீட்டுக்குப் போதுமானதாக இருந்த பக்கவாட்டு இடம், இரண்டு மாடிக்குப் போதாமல் போகலாம். கீழே சுவரை நகர்த்த முடியாது. அதனால் எஃப்.எஸ்.ஐ. இடம் கொடுத்தாலும் செட்பேக் தடுத்துவிடும். வீட்டின் எண்ணிக்கை கூடினால் வண்டி நிறுத்த எவ்வளவு இடம் என்ற கேள்வியும் வரும்.

மூன்றாவது, அஸ்திவாரம். பழைய வீடுகள் பல, தூண் இல்லாமல் செங்கல் சுவரே எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. "நல்ல கட்டடம் சார், இன்னும் ரெண்டு மாடி தாங்கும்" என்று மேஸ்திரி சொன்னால் மட்டும் போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து அஸ்திவாரத்தையும் தூண்களையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஆகும் செலவு மாடி கட்டும் செலவில் சிறு பகுதிதான்.

யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

சாதாரண வீடுகளுக்கு உங்கள் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியே அனுமதி தரும். பெரிய கட்டடங்கள் சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வுக்கும், மற்ற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.க்கும் போகும். விண்ணப்பம் அரசின் ஒற்றைச்சாளர இணையதளம் வழியாகத்தான். பத்திரம், பட்டா, பழைய அனுமதி வரைபடம், பதிவுபெற்ற பொறியாளர் போட்ட புது வரைபடம் ஆகியவை அடிப்படைத் தேவை.

சுயசான்று திட்டத்தில் உடனே கிடைக்கும்னு சொல்றாங்களே?

2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பு என்றால், இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணம், உள்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணங்களில் விலக்கும் உண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. "விதிப்படிதான் கட்டுகிறேன்" என்று நீங்களே உறுதி கொடுக்கிறீர்கள். முன்பு அதிகாரி பார்த்துச் சொன்ன தவறை இப்போது யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். சொன்னது ஒன்று, கட்டியது இன்னொன்று என்றால் அனுமதி ரத்தாகும். கையில் இருக்கும் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது மாடி போடுபவர்கள் இந்தத் திட்டம் தங்களுக்குப் பொருந்துமா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரி கட்டுறேன், இ.பி. கனெக்‌ஷன் இருக்கு... அப்போ சட்டப்படிதானே?

பலரும் நம்பும் தவறான கருத்து இது. சொத்து வரி ரசீது, வரி கட்டியதற்கான ஆதாரம் மட்டுமே. கட்டட அனுமதிக்கு அது மாற்று ஆகாது.

"பின்னாடி பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்" என்பதும் இப்படித்தான். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28-க்கு முன்பு கட்டியவற்றுக்கானது. 113-சி பிரிவு 2007 ஜூலை 1-க்கு முன்பு கட்டியவற்றுக்கானது. போன வருஷம் போட்ட மாடிக்கு இரண்டுமே கைகொடுக்காது.

2024 டிசம்பர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் கடுமையாகவே பேசியது. காலதாமதம் ஆகிவிட்டது, நிறைய பணம் போட்டாச்சு என்பதெல்லாம் விதிமீறலை நியாயப்படுத்தாது என்றது. கட்டட நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

வீட்டு முன்பக்கத்தை உடைத்து ஷட்டர் போட்டால்?

கட்டடம் பெரிதாகாவிட்டாலும் பயன்பாடு மாறுகிறது. குடியிருப்பு அனுமதி வாங்கிய இடத்தில் வியாபாரம் செய்தால் அது விதிமீறல் ஆகலாம். அந்தப் பகுதி எந்த வகையில் வருகிறது, அங்கே கடைக்கு இடம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். கடைக்கு உள்ளாட்சியின் தொழில் உரிமமும் வேண்டும். மின்சாரத்திலும் மாற்றம் வரும். வீட்டுக்கான இலவச யூனிட் கடைக்குக் கிடையாது. கடைக்கு வணிகக் கட்டணத்தில் தனி இணைப்பு எடுக்க வேண்டும். சொத்து வரியும் வணிகக் கணக்கில் உயரும்.

கடை போர்டு மாற்றும்போது என்னென்ன பார்க்கணும்?

முதலில் மொழி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-ன் 15-வது விதிப்படி, பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். அடுத்து ஆங்கிலம், அதன் பிறகு மற்ற மொழி. இடப் பங்கீடு 5:3:2. அதாவது பத்து அடி உயர போர்டு என்றால் தமிழுக்கு ஐந்து அடி, ஆங்கிலத்துக்கு மூன்று, இன்னொரு மொழிக்கு இரண்டு. ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழை எழுதிவிட்டு "தமிழ் இருக்கே" என்று சொல்ல முடியாது. தொழிலாளர் துறை ஆய்வில் சிக்கினால் அபராதம்தான். குளிர்பான நிறுவனமோ செல்போன் நிறுவனமோ இலவசமாகத் தரும் போர்டை மாட்டும்போதும் இதைப் பாருங்கள். அதில் கம்பெனி பெயர் பெரிதாகவும், உங்கள் கடைப் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் சின்னதாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை என்றால் நுழைவாயில் பெயர்ப்பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் அதையும் போர்டில் குறிப்பிட வேண்டும். கடையின் பெயரையே மாற்றினால் 15 நாட்களுக்குள் ஜி.எஸ்.டி. பதிவிலும் திருத்த வேண்டும். தொழில் உரிமத்திலும் மறக்காமல் மாற்றுங்கள்.

மூன்றாவது, போர்டு எங்கே நிற்கிறது? உங்கள் சுவரோடு ஒட்டி, உங்கள் எல்லைக்குள் இருந்தால் பிரச்னை குறைவு. நடைபாதைக்கு மேல் நீட்டினாலோ, சாலையில் ஸ்டாண்டு போட்டு வைத்தாலோ அது பொது இடம். அதை அகற்ற உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் எழுப்பி விளம்பரம் வைப்பதென்றால் அது வேறு கதை. உள்ளாட்சியின் உரிமமும், கட்டமைப்பு உறுதிக்கான சான்றும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஒரு போர்டுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?

2019 செப்டம்பர் 12-ம் தேதி சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைக்கப்பட்ட பேனர் சரிந்து விழுந்ததில், இருசக்கர வாகனத்தில் வந்த இளம்பெண் நிலைதடுமாறி, பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை பொருத்தும்போது சாரம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தனர். 2024 மே 13-ம் தேதி மும்பை காட்கோபரில் புயல் காற்றில் ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்ததில் 17 பேர் பலியானார்கள். அங்கே 40-க்கு 40 அடிதான் அனுமதிக்கப்பட்ட அளவு. இருந்ததோ 120-க்கு 120 அடி.

கடை போர்டு அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் நாலு ஸ்க்ரூவில் தொங்கும் இரும்புச் சட்டமும், மழையில் நனையும் எல்.இ.டி. ஒயரும், பக்கத்திலேயே போகும் மின்கம்பியும் சேர்ந்தால் ஆபத்துக்கு அளவு ஒரு பொருட்டில்லை. கீழே நடந்து போகிறவர் உங்கள் வாடிக்கையாளராகக்கூட இருக்கலாம்.

நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், வாங்க மறுக்காதீர்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தவும், கட்டடத்துக்குப் பூட்டி சீல் வைக்கவும், இடிக்கவும் நடவடிக்கை எடுக்கலாம். நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் கொடுத்து, அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். 80-ஏ பிரிவின் கீழ் அரசிடம் முறையிடவும் வழி இருக்கிறது.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. முன்கூட்டியே விளக்கம் கேட்டு நோட்டீஸ் தராமல், 15 நாள் அவகாசமும் கொடுக்காமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களை ஆக்கிரமித்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வேலை தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

* பழைய அனுமதி வரைபடத்தை எடுத்து, இப்போது இருக்கும் வீடு அதன்படிதான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மீறல் இருந்தால் புது விண்ணப்பத்தில் அது வெளியே வரும்.
* எஃப்.எஸ்.ஐ., செட்பேக், அஸ்திவாரம் மூன்றையும் பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.
* அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் மொட்டை மாடியும் பொது வழியும் எல்லோருக்கும் சொந்தம். சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் எதையும் அடைக்காதீர்கள்.
* கூடுதல் தளம் கட்டினால் மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் சரிசெய்யுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் இது கட்டாயம்.
* கட்டி முடித்ததும் கூடுதல் பரப்பை நீங்களே தெரிவித்து சொத்து வரியைத் திருத்துங்கள்.
* போர்டு அடிக்கும் முன் டிசைனில் தமிழின் அளவு, ஜி.எஸ்.டி. எண் இரண்டையும் பாருங்கள். வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

அனுமதிக்கு அலைவது ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆகலாம். ஆனால் மகனோ மகளோ நாளைக்கு அந்த வீட்டை விற்கவோ, கடன் வாங்கவோ போகும்போது முதலில் கேட்கப்போவது அந்த வரைபடத்தைத்தான்.