பழைய மேசைக்குப் புது வாழ்வு

காரைக்குடி போன்ற ஊர்களில் பழம்பொருள் கடைகள் பல உண்டு. நிறம் கறுத்து, கால் ஆடி, இழுப்பறை இறுகிப்போன தேக்கு மேசைகளை அங்கே காணலாம். அப்படி ஒன்றை வாங்கி வந்து வீட்டிலேயே செப்பனிட முடியுமா? முடியும். ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன், மரத்தின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது.

மரம் வெட்டிய பின்னும் அசைகிறது

மரத்தை வெட்டி ஐம்பது ஆண்டுகள் ஆனாலும், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வறண்ட காற்றில் அதை இழக்கும். நீர் மூலக்கூறுகள் நார்களின் சுவர்களுக்குள் புகும்போது சுவர்கள் தடிக்கின்றன, வெளியேறும்போது மெலிகின்றன. மழைக்காலத்தில் கதவு இறுகுவதும், கோடையில் பலகைகளிடையே சந்து விழுவதும் இதனால்தான்.

இந்த மாற்றம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 விழுக்காடு சுருங்குகிறது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடே சுருங்குகிறது. நீளவாக்கிலோ மாற்றம் மிகமிகக் குறைவு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மரத்தில் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. எனவே ஒவ்வொரு விழுக்காடு ஈரத்துக்கும் சுருக்கம் 5.8 ÷ 30, அதாவது சுமார் 0.19 விழுக்காடு. வளையத் திசை அகலவாக்கில் அமைந்த 60 செ.மீ. மேசைப் பலகையின் ஈரம் 14 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்குக் குறைந்தால், அகலம் ஏறத்தாழ 6 மி.மீ. குறையும்! பலகையை ஆணியால் இறுக்கி அடித்திருந்தால், சுருங்க இடமின்றி அது வெடிக்கும். குளிர்பதனம் செய்த அறைக்கு மாற்றிய பழைய மேசைகள் பிளப்பதன் காரணம் இதுவே. ஆகவே மேற்பலகையைச் சட்டத்துடன் இணைக்கும் திருகுகளுக்கு நீள்வடிவத் துளை இடுங்கள். கோடையில் தோன்றும் சந்தைக் கெட்டியாக அடைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் பலகை விரிய அந்த இடம் தேவை.

ஆடும் கால்கள்

பழைய தச்சர்கள் மூட்டுகளை ஒட்டப் பெரும்பாலும் வச்சிரம் பயன்படுத்தினார்கள். விலங்குத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் இப்பசை வெந்நீர் பட்டால் இளகும். எனவே மூட்டைச் சுத்தியலால் அடித்துப் பிரிக்க வேண்டாம். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்தால், பல மூட்டுகள் சேதமின்றிப் பிரியும். பழைய பசையைச் சுரண்டி, மரம் நன்கு உலர்ந்த பிறகே மீண்டும் ஒட்ட வேண்டும்.

மேற்பூச்சு எது?

மறைவான ஓர் இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆதலால் அதை முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. புதிய பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றிவிடும். பூச்சு இளகவில்லை என்றால் அது வேறு வகை வார்னீஷாக இருக்கலாம்.

சூடான காப்பிக் கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் தெரிகிறதே, அது என்ன? ஈரம் அரக்குப் படலத்துள் புகுந்து நுண்ணிய இடைவெளிகளை உண்டாக்குகிறது. அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. மேகம் வெண்மையாகத் தெரிவதும் இத்தகைய சிதறலால்தான்.

பாலிஷ் இடும்போது பலகையின் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் ஏற்று, பலகை வளைந்துவிடும்.

இரண்டு ஆபத்துகள்

பழைய பொருளின் மீது வண்ணப் பூச்சு இருந்தால் எச்சரிக்கை தேவை. பழைய வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் கலந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அத்தகைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது, சூடாக்கி எடுக்கவும் கூடாது. நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அருகில் இருக்க வேண்டாம்.

அடுத்தது, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி. இந்த எண்ணெய் நீர் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகுகிறது. இவ்வினையில் வெப்பம் வெளிப்படுகிறது. மேசை மீது பரவிய மெல்லிய படலத்திலிருந்து அவ்வெப்பம் உடனே வெளியேறிவிடும். கசக்கிப் போட்ட துணியிலோ எண்ணெயின் பரப்பு அதிகம். மடிப்புகள் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கின்றன. சூடு ஏற ஏற வினை விரைவாகிறது. வினை விரைய விரையச் சூடு மேலும் ஏறுகிறது. தீக்குச்சி இல்லாமலேயே துணி தீப்பற்றிக்கொள்ளும்.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா என்ற கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே அதற்குக் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர்.

தவிர்க்கும் வழி எளிது. வேலை முடிந்ததும் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல், வீட்டுக்கு வெளியே தனித்தனியே விரித்து, விறைப்பாகும் வரை காயவிடுங்கள். அல்லது நீர் நிரம்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வையுங்கள். மேசை காய ஒரு நாளுக்கு மேலாகும். துணியை அன்றைக்கே கவனித்தாக வேண்டும்.